ஆள்காட்டி

ஞாயிற்றுக்கிழமை அஞ்சரைக்கு
கோபாலபுரம் செக்போஸ்ட் வருவதற்கு முன்பே
இடப்பக்கம் இறங்குகிற மண்பாதையில்
ஒரு ஸ்கூட்டரில் நாலு பேர்.
பைனாகுலர் ஒன்று. பழசாக வாங்கியது.
அதன் இடது கண்ணில் பூசணம்.
அதனால் நாங்கள்
ஒற்றைக் கண்ணால் பறவை பார்க்கிற குடும்பம்.

மிதுனா நோட்டில் கட்டம் போட்டிருக்கிறாள்:
தேதி, இடம், பறவை, எண்ணிக்கை, பார்த்தவர்.
கடைசிக் கட்டத்துக்குத்தான் சண்டை.
"நாந்தான் மொதல்ல" என்று
அழுது அழுது எழுதவைத்த அகில்
இதுவரை நாற்பத்தொரு காக்கைகளுக்குச் சொந்தக்காரன்.

பிரசீதா கொழிஞ்சாம்பாறைக்காரி.
போன மாதம் ஒருநாள் மதகுக் கம்பியைக் காட்டி
"தே, பொன்மான்!" என்றாள்.
பிள்ளைகள் இரண்டும்
சோளக்காட்டுக்குள் கொம்பைத் தேடின.
நானும் தேடினேன்,
பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியும்
மீன்கொத்திக்கு அவள் ஊரில் அதுதான் பெயரென்று தெரியாமல்.
அதற்குள் ஒரு நீலம்
தண்ணீருக்குள் விழுந்து மீனோடு எழுந்து
வாய்க்காலின் அந்தக் கரைக்குப் போய்விட்டது.
"மான் பின்னால போனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"
சிரித்தாள்,
பெயரிலேயே சீதையை வைத்திருக்கிறவள்.

அந்தக் கரை கேரளா. நம் கணக்கில் சேருமா?
வீடு வரைக்கும் வழக்கு நடந்தது.
மீன் நம்முது, பறவை அவங்களுது என்று
தீர்ப்புச் சொல்லிவிட்டு
என் முதுகில் சாய்ந்து தூங்கிப்போனான் அகில்.

இந்த வாரம் மார்கழிப் பனி.
ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில்
யாரையும் கேட்காமல் மாநிலம் தாண்டிக்கொண்டிருந்தது.
ஆள்காட்டி கத்தியது.
ஒன்று. பிறகு இன்னொன்று.
அசையாமல்தான் நின்றோம்.
எங்களைக் காட்டவில்லை அது.

வரப்பில், விளக்குப் போடாமல் ஒரு மொபெட்.
முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் மூன்று,
நடுவே செருகி வைத்ததுபோல் ஒல்லியாக ஒரு பையன்.
என்ன அரிசி, எங்கே போகிறது என்று
இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

என் கழுத்தில் பைனாகுலர்.
மகள் கையில் நோட்டு, பேனா.
அவன் பிரேக் பிடித்த விதத்தில்
நாங்கள் யாராகத் தெரிகிறோம் என்று எனக்குப் புரிந்தது.
"சார், இந்த ஒரு தடவ..."
அகில் ஓடிப்போய்
உதட்டில் விரல் வைத்தான்.
"மெதுவா பேசுங்கண்ணா. பறந்துரும்."

எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.
"குருவி பாக்கவா? குடும்பத்தோடயா?"
சிரிப்பா இருமலா, ஏதோ ஒன்று வந்தது அவனுக்கு.
பிறகு ஓடு சரிந்த மோட்டார் ரூமைத்
தாடையால் காட்டினான்.
"அதுக்குள்ள ரெண்டு கூகை இருக்கு பாப்பா.
ராத்திரி என் தலைக்கு மேலயே வரும்.
ரெக்கை சத்தமே கேக்காது.
அந்த மாதிரி ஒரு வண்டி மட்டும் கெடைச்சா..."
முடிக்காமல் கிளம்பினான்.

இருந்தன.
பழைய ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே,
குறுக்கே வெட்டிய ஆப்பிள் மாதிரி இரண்டு முகம்.
முறை வைத்துப் பார்த்தோம்.
அவை ஒரே முறையில் எங்கள் நாலு பேரையும் பார்த்து முடித்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டன.
கீழே எலி எலும்பும் எச்சமும்.
பிரசீதா மூக்கைப் பொத்திக்கொண்டு
அகிலைத் தூக்கிக் காட்டினாள், மறுபடியும், மறுபடியும்.

மிதுனா ஸ்கூட்டர் சீட்டின்மேல் நோட்டை விரித்தாள்.
கூகை. இரண்டு.
பார்த்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது.
"அந்த அண்ணன் பேரு கேக்கவே இல்லயேப்பா."
"பரவால்ல, விட்டுரு."
"அப்ப இடம்?"
"அதுவும் வேண்டாம்."
கூட்டு இடத்தை ஊருக்குச் சொல்லக்கூடாதென்று
நான்தான் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன்.
"கூகைக்காகவா?"
"கூகைக்காகவும்தான்."

பனி விலகிக்கொண்டிருந்தது.
மண்பாதையில் ஏறி ரோட்டைத் தொடும் வரை
எங்கள் நாலு பேருக்கு மேலே
வட்டம் போட்டு வட்டம் போட்டுக்
கத்தியது ஆள்காட்டி.